அம்மாவைக் கொண்டுபோய் விடமுன்னம் எதைப் பார்ப்பது? முதியோர் இல்லங்கள் பற்றிய கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஏழு கேள்விகளை இம்முறை எடுத்திருக்கிறோம். அனுப்பியவர்களின் பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

களுவாஞ்சிக்குடி: அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க யோசிக்கிறோம். போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

போகும் நேரத்தைக் கவனியுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் காலை 10 மணிக்குப் போனால் கழுவிய தரையும் தேத்தண்ணியும்தான் கிடைக்கும். ஒருமுறை அப்படிப் போங்கள். அடுத்த முறை சொல்லாமல் மாலை 6 மணிக்குப் போங்கள். பகல் ஆட்கள் வீட்டுக்குப் போக, இராச்சாப்பாடு, குளிசை, படுக்கை எல்லாம் ஒரேயடியாக வரும் நேரம் அது. எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்கள், எத்தனை பேரைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று நீங்களே எண்ணலாம். படுக்கையில் கிடப்பவரை ஒழுங்காகப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். இரவுக்கு ஒரே ஆள்தான் என்றால், கொப்பியில் என்ன எழுதியிருந்தாலும் புரட்டுவது நடக்காது.

மூத்திர மணம் ஒரு கட்டிலருகே மட்டும் வந்தால் யாரோ இப்போதுதான் நனைத்திருப்பார். கட்டிடம் முழுக்க வந்தால் மெத்தைகள் ஊறிப்போய்விட்டன என்று அர்த்தம். பினைல் மணம் மூக்கைத் துளைத்தாலும் ஒரு மெத்தையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தேடுங்கள். பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்த ஒருவருக்குக் கோப்பை வலப்பக்க மேசையில் இருந்தால், அவர் கேட்காமல் குடிக்க முடியாது. கேட்கப் பேச்சும் வராது. உதடு வெடித்து, நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருதயம், சிறுநீரகம் காரணமாக டொக்டர் அளவு குறைத்துச் சொல்லாதவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் பானம் போக வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதைவிடக் கூட.

மலசலகூடத்தில் கொமோட்டுக்குப் பக்கத்தில் கைபிடி இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. பிடித்து, உங்கள் உடம்புப் பாரத்தைப் போட்டு இழுத்துப் பாருங்கள். சுவரோடு ஆடும் கைபிடி இல்லாததைவிட ஆபத்து. சக்கரக் கதிரைச் சரிவு 1:12 அளவில் இருக்க வேண்டும்: 30 சென்டிமீற்றர் படிக்கு 3.6 மீற்றர் நீளம். பல இடங்களில் ஒரு மீற்றரில் முடித்துவிடுகிறார்கள். அதில் ஆளை ஏற்ற முடியாது, உருண்டு வரத்தான் முடியும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான பதிவுச் சான்றிதழையும் கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுழிக்கும் இடத்தில் அம்மாவை விட வேண்டாம்.

அக்கரைப்பற்று: மூத்தம்மாவின் இடுப்புக்குக் கீழே கறுப்பாக ஒரு அடையாளம் இருக்கிறது. "சூட்டுக் கொப்புளம்" என்கிறார்கள். உண்மையா?

எலும்பு முட்டும் இடத்தில் இருந்தால் அதைப் படுக்கைப்புண்ணின் தொடக்கமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தி எடுங்கள். ஆரோக்கியமான தோல் வெளுத்து உடனே பழைய நிறத்துக்கு வரும். வெளுக்காமல் அப்படியே நின்றால் உள்ளே இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது, வெளுப்பதும் சரியாகத் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கல்லுப்போல இறுகியோ, பிசுபிசுவென மெத்தென்றோ இருந்தால் அதுதான் அறிகுறி. இதே சோதனையை இரண்டு குதிக்காலிலும் இடுப்பின் இரு பக்கங்களிலும் செய்யுங்கள். குதிக்காலை யாரும் பார்ப்பதில்லை, போர்வை மூடியிருக்கும்.

எலும்பில் இல்லாமல், தொடை இடுக்கிலும் இரு பக்கச் சதையிலும் பரவலாகத் தோல் உரிந்திருந்தால் அது ஈரத்தால் வந்தது. பம்பர்ஸ் மாற்றத் தாமதித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு, தவறும் வேறு.

செய்ய வேண்டியது: கட்டிலில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டல். முழுப்பக்கமாகச் சாய்க்காமல் 30 பாகை அளவில் முதுகுக்குத் தலையணி கொடுக்க வேண்டும். கெண்டைக்காலுக்குக் கீழ் தலையணி வைத்துக் குதிக்கால் காற்றில் நிற்கும்படி விட வேண்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிக்காலின் கீழ் வைப்பதும், நடுவில் ஓட்டையுள்ள வளையத் திண்டும் பாரத்தை விளிம்பில் சேர்த்துப் புண்ணைப் பெரிதாக்கும். நிறம் மாறிய இடத்தைத் தேய்த்துப் பிடிக்கவும் கூடாது. புண் திறந்திருந்தால் உப்பு நீரால் கழுவ வேண்டும். டெற்றோலும் ஸ்பிரிட்டும் ஆறிவரும் தசையையே எரிக்கும்.

காற்று மெத்தை இருக்கிறது என்று சொன்னால் கையை அடியில் நுழைத்துப் பாருங்கள். கரண்ட் போனதும் அது சப்பையாகி, ஆள் பலகையில் கிடப்பார். மெத்தை இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும்.

புரட்டல் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். "பி.ப. 2 - இடப்பக்கம்" என்று எழுதியிருக்க, 2.15க்கு மூத்தம்மா மல்லாந்து கிடந்தால் மற்ற வரிகளையும் நம்ப வேண்டாம். காய்ச்சல், நாற்றம், கறுத்த இறந்த தசை, எலும்பு தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கல்முனை: குளிசை கொடுத்ததாக எல்லா நாளும் கையெழுத்து இருக்கிறது. அப்பாவின் பிறஷரோ இறங்கவில்லை. எப்படிச் சரிபார்ப்பது?

எண்ணுங்கள். கிளினிக்கில் 30 நாளைக்கு, நாளுக்கு 2 என்று 60 குளிசை தந்திருந்தால், 12 நாள் முடிவில் 36 மிச்சம் இருக்க வேண்டும். 44 இருந்தால் 8 நேரம் கொடுபடவில்லை. கையெழுத்துகளின் மையையும் பாருங்கள். ஒரு கிழமைக்கான கையெழுத்து ஒரே சாய்வில், ஒரே மையில் இருந்தால் மொத்தமாக உட்கார்ந்து போட்டது. நாளைக் காலைக்கும் இன்றே போட்டிருந்தால் கேட்கவே தேவையில்லை. குளிசை வாயில் போய், விழுங்கிய பிறகுதான் கையெழுத்து.

இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. நம் கிளினிக்குகளில் பெரும்பாலும் தரும் கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போட வேண்டும். இல்லங்களில் நடக்கும் தவறு, காலை 6 மணிக்கு வரிசையாக எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டு, குசினி தாமதித்து 8 மணிக்குச் சாப்பாடு வருவது. இடையில் சீனி இறங்கி வியர்த்து, கை நடுங்கி, ஆள் உளறுவார். "வயசு போயிட்டுது" என்று விட்டுவிடுவார்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

திறக்காத போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோனால் எறிய வேண்டியதுதான். திறந்த திகதியைப் போத்தலில் எழுத வேண்டும், 4 கிழமை கடந்தால் பாவிக்கக் கூடாது. திகதி எழுதாத போத்தல் ஒன்றைக் கண்டாலே அந்த இல்லத்தின் மருந்து ஒழுங்கு உங்களுக்கு விளங்கிவிடும்.

வாழைச்சேனை: விழுந்துவிடுவார் என்று பெரியப்பாவைச் சாரத்தால் கதிரையோடு கட்டி வைத்திருக்கிறார்கள். இது சரியா?

இல்லை. கட்டப்பட்டவர் கதிரையோடு சேர்ந்து விழுவார், கழுத்தில் இறுகி இறந்தவர்களும் உண்டு. அவர் ஏன் எழும்புகிறார் என்பதை முதலில் கேளுங்கள். மூத்திரம் முட்டும், முழங்கால் நோகும், பசிக்கும், அல்லது பழைய நினைவில் கடலுக்குப் போக வெளிக்கிடுவார். 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாங்களாகவே கூட்டிப்போய் மலசலகூடத்தில் இருத்தினால் பாதி எழும்பல் நிற்கும். கட்டில் தாழ்வாக இருக்கட்டும், இரவில் சிறு வெளிச்சம் எரியட்டும், காலில் வழுக்காத செருப்பு இருக்கட்டும். கட்டை அவிழ்த்த பிறகு ஆள் பகலெல்லாம் தூங்கிக் கிடந்தால், புதிதாக ஏதும் தூக்கக் குளிசை தொடங்கினார்களா, எந்த டொக்டர் எழுதினார் என்று கிளினிக் கொப்பியில் பாருங்கள். கயிற்றுக்குப் பதிலாகக் குளிசையால் கட்டுவதும் உண்டு.

காரைதீவு: நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். எங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் சொறி. மருந்து பூசியும் மாதக்கணக்காகப் போகவில்லை.

இரவில் கடி கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பைச் சுற்றியும் இருந்தால் அது சிரங்குப் பூச்சி. போகாததற்குக் காரணம் ஒவ்வொருவராகப் பூசியதுதான். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, தங்கியிருப்போர், வேலையாட்கள், வேலையாட்களின் வீட்டார் அனைவருக்கும் ஒரே நாளில் பூசுங்கள். கடியில்லாதவருக்கும்தான். 5 வீத பெர்மெத்ரின் கிறீம் என்றால் கழுத்திலிருந்து பாதம் வரை, முதியவர்களுக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலையிலும் முகத்திலும்கூட, நகத்தை வெட்டி நகத்தடியிலும் பூசி, 8 முதல் 14 மணித்தியாலம் விட்டுக் குளிப்பாட்ட வேண்டும். இடையில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூச வேண்டும். இங்கேதான் பலர் விடுகிறார்கள். 7 நாள் கழித்து இரண்டாம் முறை. உடுப்பு, படுக்கை விரிப்பு, துவாய் எல்லாம் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள், தோய்க்க முடியாததைப் பொலித்தீன் பையில் கட்டி 3 நாள் வையுங்கள். பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 கிழமை கடி இருக்கலாம். அதைக் கண்டு திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

குழுவில் இருப்பதால் இன்னொன்றும்: மாதத்தில் ஒரே நாளில், ஒரே தராசில் எல்லோருடைய நிறையையும் எடுங்கள். மாதத்தில் 5 வீதம் குறைந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும். 48 கிலோ உள்ளவருக்கு அது 2.4 கிலோ, சட்டை தளர்வதற்கு முன்னரே தராசு சொல்லிவிடும். குறைந்தவரின் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு நேரம் இருந்து பாருங்கள். பல்லுச்செற் பொருந்தவில்லையா, மீன் முள்ளுக்குப் பயந்து ஒதுக்குகிறாரா, ஊட்டுபவர் அவசரப்படுத்துகிறாரா என்று அப்போது தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் இருமினால் விழுங்குவதில் கோளாறு. நிமிர்த்தி இருத்தித்தான் ஊட்ட வேண்டும், சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குப் படுக்கவிடக் கூடாது.

திருக்கோவில்: அம்மாவின் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் பொறுப்பாளரிடம். கேட்டால் "பத்திரமாக இருக்கு" என்கிறார்.

வைத்திருக்கலாம், ஆனால் எழுத்தில். என்னென்ன பெறப்பட்டது, எப்போது எவ்வளவு எடுத்தது, எதற்கு என்ற விபரத்தோடு அம்மாவின் கையொப்பமும் சாட்சியும் வேண்டும். புத்தகத்தை வங்கியில் பதிந்து வரச்சொல்லி ஒவ்வொரு வரியையும் பாருங்கள். கைநாட்டுப் போட்டு எடுத்த காசு இருந்தால், அன்று அம்மா எங்கே இருந்தார் என்று கேளுங்கள்.

ஏறாவூர்: முறைப்பாடு செய்தால் அந்தக் கோபத்தை உம்மாவின் மேல் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் முதலில் குறிப்பெடுக்கச் சொல்கிறோம். திகதி, நேரம், கண்டது, அப்போது வேலையில் நின்றவர். காயம் என்றால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். உம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் எடுங்கள். பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு கிழமைக்குள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சிறு விடயங்களில் பாதி அங்கேயே தீரும்.

தீராவிட்டால் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ சமூக சேவை உத்தியோகத்தரையோ நேரில் சந்தியுங்கள். சாப்பாடு, கிணற்றுத் தண்ணீர், மலசலகூடம் பற்றியது என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அடி, பணம், பட்டினி என்றால் பொலிஸ், காத்திருக்க வேண்டாம். முறைப்பாடு கொடுத்த நாளிலிருந்து குடும்பத்தில் ஒருவர் மாறி ஒருவர், ஒரே நேரத்துக்கு அல்லாமல், நாளுக்கு ஒருவராவது போய்வாருங்கள். போகும்போதெல்லாம் உம்மாவின் கையையும் முதுகையும் குதிக்காலையும் பார்த்து, கண்டதை அதே கொப்பியில் எழுதுங்கள்.