அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் பால்மரக்காட்டை விற்காமல் என்ன செய்யலாம்?

பினாங்கு பெருநிலத்தில் நாலு ஏக்கர், முப்பது வயது தாண்டிய ரப்பர், நடுவே ஏழெட்டு டுரியான். கொஞ்சம் காசும் வரவேண்டும், பறவையும் குரங்கும் ஓடிவிடக் கூடாது, வார இறுதியில் பிள்ளைகளோடு போய் உட்காரவும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிபோங் திபாலில் எங்களுக்கும் இதே கதைதான், மூன்று ஏக்கர். பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் தாத்தா வாங்கியது. பன்னிரண்டு வருஷமாக நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். சரியாகச் செய்ததைவிடத் தப்பாகச் செய்ததுதான் அதிகம், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் வருஷம் எதையும் வெட்டாதீர்கள். நிலம் உங்கள் கைக்கு வந்தது தெரிந்ததும் மண்வாரி இயந்திரக்காரர் ஒருவர் வருவார். எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனை போடலாம், ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பார். நாங்கள் அவர் பேச்சைக் கேட்டோம். நல்லவேளை, ஒரு ஏக்கருக்கு மட்டும்தான் தலையாட்டினோம்.

பால் ஓய்ந்த ரப்பர் மரம் விறகு இல்லை. மேசை நாற்காலி செய்யப் போகும், ஜொகூரில் மூவார் பக்கத்துத் தொழிற்சாலைகள் இந்த மரத்தை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் உள்ளே மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிப் போட்ட சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் ஏறிவிடும். மில்லில் பலகை அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றுவது அதனால்தான். எங்கள் ஆள் அக்டோபர் மழையில் வெட்டினார். லாரி உள்ளே வரவில்லை, சக்கரம் புதைந்தது, மூன்று வாரம் மரம் சேற்றிலேயே கிடந்தது. நான் போய்ப் பார்த்தபோது வெட்டு முகமெல்லாம் சாம்பல் நீலம், பழைய ரொட்டியில் பூத்த மாதிரி. மரம் வாங்கும் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரு துண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு விறகு விலை சொன்னார். வாங்கிக்கொண்டோம். வடக்கில் ஜனவரி, பிப்ரவரியில் மழை ஓய்ந்து நிலம் காய்ந்திருக்கும் காலம்தான் வெட்டுவதற்கு நேரம். முதலில் லாரியும் மில்லும் உறுதியாகட்டும், பிறகு ரம்பத்தை எடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு ஏக்கர் போதும். மிச்ச மரங்களைப் பாதிக்குப் பாதி பங்குக்கு ஒரு பால்வெட்டுக்காரரிடம் விட்டிருக்கிறோம். பெரிய வருமானம் இல்லை, ஆனால் தினம் காலையில் ஒரு மனிதர் நிலத்தில் நடக்கிறார். வேலிக்கும் காவலுக்கும் அது ஈடு.

அகில் நட்டால் கோடி வரும் என்று யாராவது சொன்னால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மரம் காயப்பட்டு, அந்தக் காயத்தில் பூஞ்சை பிடித்தால்தான் விலைபோகும் வாசனைப் பிசினே ஊறும். எங்கள் மாமா இருநூறு கன்று நட்டார், இன்றைக்கு அவரிடம் நல்ல நிழல் இருக்கிறது.

உங்கள் நிலத்தின் உண்மையான சொத்து அந்த ஏழெட்டு டுரியான். காலியான ஏக்கரில் நாங்களும் ஒட்டுக் கன்றுதான் வைத்தோம், ஏக்கருக்கு நாற்பதுக்கு மேல் போகாமல். டூரி ஹித்தாம், அதாவது டி200 என்று பதிவான டுரியான் ரகம், எங்கள் வட்டாரத்துப் பழம், அந்தப் பெருமைக்காக எல்லாம் அதுவாகவே வைக்கலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். டுரியானில் பல ரகங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது, பக்கத்தில் வேறு ரகம் வேண்டும். ஊடே ஊடே முசாங் கிங் ரகமும் பழைய கம்பத்து (கிராமத்து) நாட்டு மரமும் இருக்கட்டும்.

அந்த மகரந்தத்தை எடுத்துப் போவது வௌவால். எங்கள் சித்தப்பா இதை நம்பவில்லை. வௌவால் பூவைத் தின்கிறது என்று மரத்தைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டி வைத்திருந்தார். ஒரு மார்ச் மாதம் அவரையும் கூட்டிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் மொட்டு விரிந்தது, புளித்த பால் மாதிரி ஒரு வாடை. இருட்டிய பிறகு கிளையில் டப் டப்பென்று சத்தம். டார்ச் அடித்தால், கைப்பிடி அளவு வௌவால் பூவில் தொங்கி நாக்கை உள்ளே விட்டு எடுத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் பறக்கிறது, முகமெல்லாம் மகரந்தம். விடிந்து பார்த்தால் இதழெல்லாம் தரையில், பாய் விரித்த மாதிரி. வௌவால் கடித்துப் போட்டது என்று சித்தப்பா இத்தனை காலம் நினைத்தது அதைத்தான். அது தானாகவே உதிர்வது. மறுநாள் வலையை அவரே அவிழ்த்தார்.

டுரியான் பூப்பது வருஷத்தில் சில வாரம். மிச்ச நாள் வௌவால் எதைத் தின்னும்? வாழைப்பூ, காட்டுப் பூ, கடலோரச் சதுப்பில் பெரெம்பாங் மரம். நாம் தைப்பூசத்துக்கு ஏறும் பத்துமலைக் குகைகளின் தேன் வௌவால்கள் இரவில் 38 கிலோமீட்டர் வரை பறந்துபோய்க் கரையோரச் சதுப்பில் தேன் குடித்துத் திரும்புகின்றன என்று 1970களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதனால் ஓடைக்கரை வாழைப் புதரை நாங்கள் தொடுவதில்லை. கரையிலிருந்து இருபது அடிக்குக் கத்தி போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். பட்டுப்போன ஒரு பெத்தாய் மரத்தையும் பாதையில் விழாது என்பதால் நிற்க விட்டிருக்கிறோம், அதில் மரங்கொத்தி பொந்து போட்டிருக்கிறது. குரங்கு கடித்துப் போடும் காய் கணக்கில் நஷ்டம்தான். வயிறு எரியும். பட்டாசு வெடித்துப் பார்த்தோம், மூன்றாம் நாள் பட்டாசைப் பார்க்கவே குரங்கு வந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு பொண்டோக்கும் (சின்னக் குடிசை) வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையும் போதும். வாடகைக்கு விடும் குடில் கட்டும் ஆசை இருந்தால் முதலில் நில அலுவலகத்தில் பட்டாவின் வகையைப் பாருங்கள். ‘விவசாயம்’ என்று இருந்தால் வகை மாற்றாமல் அதெல்லாம் ஆகாது. அண்ணன் தம்பிக்குள் பிரிப்பதானாலும் விவசாய நிலத்தை ஒரு துண்டு 0.4 ஹெக்டருக்குக் கீழே, கிட்டத்தட்ட ஒரு ஏக்கருக்குக் கீழே, பிரித்துத் தரமாட்டார்கள். நில வரி மே 31க்குள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகுமுன் ஒரு வேலை. பால் வெட்டாத மரங்களில் பால் பிடிக்கும் பழைய மங்குகள் (கிண்ணங்கள்) கம்பியோடு தொங்கிக்கொண்டிருக்கும். மழைத்தண்ணீர் நின்று, ஒவ்வொன்றிலும் டிங்கிக் கொசுவின் புழு நெளியும். எங்கள் மூன்று ஏக்கரில் நானூறு மங்குக்கு மேல் இறக்கினோம், தம்பி மகளுக்கு டிங்கி வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு. இந்தச் சனிக்கிழமை போவதானால் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, நாலைந்து கோணிச் சாக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.