தாராளவாதத் திருச்சபை ஊழியத்தில் திரித்துவம் என்னவாக இருக்கிறது?

கடவுள் ஒருவரே, அவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூன்று ஆள்தன்மைகளாக இருக்கிறார். இதுதான் திரித்துவம். 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய சங்கங்கள் வகுத்த விசுவாசப் பிரமாணத்தில் இது நிலைபெற்றது.

தாராளவாதப் போதகர்கள், அதாவது பழைய போதனையைக் காலத்துக்கேற்பப் புதிதாக விளக்குபவர்கள், பலர் இதைக் கணக்குப் புதிராகச் சொல்வதில்லை. கடவுள் தனியாள் அல்ல, உறவே அவர் இயல்பு என்கிறார்கள். அப்படியானால் சபையிலும் ஒருவரே அதிகாரம் செய்ய முடியாது. ஆண், பெண், குருவானவர், சபையார் எல்லாரும் சேர்ந்ததுதான் ஊழியம். சிலர் 'பிதா, குமாரன்' என்பது ஆண்பாலாகவே ஒலிக்கிறதே என்று, 'படைப்பவர், மீட்பவர், தூய்மையாக்குபவர்' என ஜெபிப்பார்கள். சிக்கல் ஞானஸ்நானத்தில்தான்: இந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று 2008இல் வத்திக்கான் சொல்லிவிட்டது.

எங்கள் ராமநாதபுரம் கரையோரத்தில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கயிறு பிடிக்க ஆள் வேண்டும். ஒரு பக்கம் விட்டால் மீன் போச்சு. இழுப்பவர் பலர், இழுப்பு ஒன்று. ஆனால் அவர்கள் தனித்தனி மனிதர்கள், கடவுள் அப்படி இல்லை; உவமை அங்கே அறுந்துவிடும். (நீர், பனிக்கட்டி, நீராவி உவமையும் சரிவராது, ஒருவரே மூன்று வேடம் போட்டதாகிவிடும்.)

அப்புறம், தாராளவாதம் என்றாலே திரித்துவத்தை மறுப்பது என்று நினைக்கிறார்கள். மறுப்பவர்கள் யூனிட்டேரியன்கள், 1795லேயே சென்னையில் ஒரு தமிழர் அவர்களுக்குச் சபை தொடங்கினார், தாராளவாதச் சபைகளில் பலவோ இன்றும் நிசேயப் பிரமாணத்தைச் சொல்லித்தான் ஆராதிக்கின்றன.