தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய பெண்களில் உங்கள் மனத்தில் நிற்பவர் யார், ஏன்?

வின்னி மண்டேலாவின் பெயரைப் பலரும் சொல்வார்கள், அது நியாயமும்கூட. நான் சொல்ல விரும்பும் பெயர் லிலியன் இங்கோயி.

1911-இல் பிரிட்டோரியாவில் பிறந்தவர். தந்தை சுரங்கத் தொழிலாளி. தாய் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தவர். சிறுமியாக இருந்தபோது, வெளுத்த துணிகளைக் கொடுக்கப் போன ஒரு வீட்டில் தங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நாயை மட்டும் உள்ளே விட்டதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வறுமையால் படிப்பு பாதியில் நின்றது. ஜோகன்னஸ்பர்க்கின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரம் ஓட்டியவர், தொழிற்சங்கத்தின் வழியே பொதுவாழ்வுக்கு வந்தார். 1952-இன் சட்டமறுப்பு இயக்கத்தில், வெள்ளையருக்கென்று ஒதுக்கப்பட்ட அஞ்சலகப் பகுதிக்குள் நுழைந்து கைதானபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நான்கே ஆண்டுகளில், நிறவெறிக்கு எதிரான முதன்மை இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தேசியச் செயற்குழுவுக்குத் தேர்வான முதல் பெண் ஆனார்.

கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அடையாளப் புத்தகத்தைப் பெண்களும் வைத்திருக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து, 1956 ஆகஸ்ட் 9 அன்று ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவின் அரசு மாளிகைக்குத் திரண்டு வந்தனர். ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோஃபி வில்லியம்ஸ் ஆகியோருடன் கட்டுக்கட்டாக மனுக்களைச் சுமந்து சென்று, பிரதமர் ஸ்ட்ரைடமின் அலுவலகக் கதவைத் தட்டியவர் லிலியன். பிரதமர் அவர்களைச் சந்திக்கவில்லை. வெளியே அத்தனை பெண்களும் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்தச் சட்டம் பின்வாங்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த நாளைவிட, அதன்பின் அவர் வாழ்ந்த ஆண்டுகளே என்னை அதிகம் உலுக்குகின்றன. அதே ஆண்டு டிசம்பரில் தேசத்துரோக வழக்கில் கைதான 156 பேரில் அவரும் ஒருவர். 1961-இல்தான் அந்த வழக்கிலிருந்து விடுதலை கிடைத்தது. 1962-இல் தடையாணை வந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் ஆர்லாண்டோ பகுதியை விட்டு வெளியேறக் கூடாது, கூட்டங்களில் கலந்துகொள்ளக் கூடாது, அவர் சொன்னதை யாரும் அச்சிடக் கூடாது. மேடையேறினால் கூட்டத்தையே கட்டிப்போடும் பேச்சாளரை அரசு இப்படித்தான் வாயடைத்தது. பின்னர் 71 நாட்கள் தனிமைச் சிறையிலும் வைத்தார்கள். தொழிற்சாலை வேலைக்கு வழியில்லாமல் போக, சிறிய வீட்டில் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்தும், வெளிநாட்டு நண்பர்கள் அனுப்பிய உதவியைக் கொண்டும் குடும்பத்தை நடத்தினார். சிறைவாசத்துக்கு நாள் கணக்கு வைத்துப் போற்றும் நாம், சொந்த வீட்டையே ஒருவருக்குச் சிறையாக்கிய ஆண்டுகளை எளிதில் விட்டுவிடுகிறோம். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசைத் தடைசெய்த ஆணை 1990-இல்தான் விலக்கப்பட்டது. லிலியன் 1980 மார்ச்சிலேயே, தன் 68-ஆம் வயதில், மறைந்துவிட்டார்.