ஆர்ங்கற நிரல் மொழில மேட்ரிக்ஸுக்குள்ள ஒரு மதிப்பு எந்த ரோ (கிடைவரிசை), எந்த காலம்ல (நெடுவரிசை) இருக்குனு எப்படி கண்டுபிடிக்கறது?

கேள்வி கேட்டவர் 3 ரோ 4 காலம் உள்ள எம்ங்கற ஒரு மேட்ரிக்ஸ்ல 7 எங்கெங்க இருக்குனு தேடி விச்(எம் == 7) போட்டிருக்கார், ரோவும் காலமும் வரும்னு பார்த்தா 3, 5, 8, 12னு மொட்டையா நாலு நம்பர் வந்து நிக்குது, மூணே ரோ இருக்கும்போது 12 எங்கேர்ந்து வந்துச்சுங்கறார். நியாயமான குழப்பம்தான், நானும் ஆரம்பத்துல இதுல முழிச்சவன்தான்.

(கோடு எல்லாத்தையும் தமிழ்லயே எழுதறேன், அடிக்கும்போது ஆங்கிலத்துல அடிச்சுக்கோங்க.)

அவசரத்துல இருக்கறவங்களுக்கு பதில் இதுதான்: விச்(எம் == 7, அர்.இண்ட் = ட்ரூ). அவ்ளோதான். ரோ, காலம்னு ரெண்டு தலைப்போட ஒரு குட்டி மேட்ரிக்ஸ் வரும்.

ஆனா அந்த 12 ஏன் வந்துச்சுனு தெரிஞ்சுக்கலைன்னா அடுத்த வாரமே வேற இடத்துல மாட்டுவீங்க. ஆருக்கு மேட்ரிக்ஸ்னு தனியா ஒரு ஜந்து கிடையாது, உள்ள இருக்கறது ஒரே நீளமான வெக்டர், அதாவது மதிப்புகளோட ஒத்தை வரிசை, அதுமேல "இதை 3 ரோவா 4 காலமா காட்டு"னு டிம்ங்கற பேர்ல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு, அவ்ளோதான் விஷயம். எண்ணுறது மேலேர்ந்து கீழ, முதல் காலம் முடிஞ்சதும் ரெண்டாவது காலத்தோட தலைக்குப் போகும், ஃபோர்ட்ரான்ங்கற பழைய நிரல் மொழில இருக்கற அதே வழக்கம். இவரோட மேட்ரிக்ஸைப் பாருங்க, முதல் காலம் 5, 9, 7, ரெண்டாவது 2, 7, 1, மூணாவது 8, 7, 3, நாலாவது 4, 6, 7. விரல் வச்சு எண்ணினா 7 வர்ற இடம் 3, 5, 8, 12. விச் சொன்னது சரிதான், நாமதான் குறுக்கால படிச்சுப் பழகிட்டோம்.

கையால கணக்குப் போடணும்னாலும் போடலாம். 8ஐ எடுத்துக்கோங்க, ஒண்ணைக் கழிச்சா 7, அதை ரோ எண்ணிக்கையான 3ஆல வகுத்தா ஈவு 2 மீதி 1, ரெண்டுலயும் ஒண்ணைக் கூட்டுங்க, மீதி ரோவாகும் ஈவு காலமாகும், அதாவது 2ஆவது ரோ 3ஆவது காலம். இந்த வேலையைத்தான் அர்ரேஇண்ட்னு ஒரு ஃபங்ஷன் செய்யுது, அர்.இண்ட் = ட்ரூ போட்டா விச் உள்ளுக்குள்ள அதைத்தான் கூப்பிடுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா வந்த அந்த குட்டி மேட்ரிக்ஸை அப்படியே திருப்பி இண்டெக்ஸா போடலாம். ஐடிஎக்ஸ்னு ஒரு பேர்ல வச்சுக்கிட்டு எம்[ஐடிஎக்ஸ்] <- 0னு அடிச்சா அந்த நாலு இடமும் ஒரே அடில 0 ஆகிடும், ஃபார் லூப் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஃபார் லூப்ல ரெண்டு அடுக்கு போட்டு ஒவ்வொரு கட்டமா தேடற கோடை இன்னும் பார்க்கறேன், தப்புனு சொல்ல மாட்டேன், ஆனா பார்க்கவே கை வலிக்குது.

பெருசு எங்க இருக்குனு தேடறவங்க விச்.மேக்ஸ் போடுவாங்க, அது முதல்ல கண்ணுல படற ஒண்ணை மட்டும்தான் சொல்லும், அதுவும் அந்த ஒத்தை நம்பர் கணக்குல. எல்லாம் வேணும்னா விச்(எம் == மேக்ஸ்(எம்), அர்.இண்ட் = ட்ரூ). உள்ள ஒரு என்ஏ (மதிப்பு இல்லாத இடத்துக்கு ஆர் வைக்கற குறி) இருந்தாலும் மேக்ஸ் என்ஏனு சொல்லிட்டு உட்கார்ந்துக்கும், அதனால என்ஏ.ஆர்எம் = ட்ரூவையும் மேக்ஸுக்குள்ள போட்டுருங்க. என்ஏவையே தேடணும்னா எம் == என்ஏ வேலைக்காகாது, ஒண்ணுமே கிடைக்காது, இஸ்.என்ஏ(எம்)தான்.

சத்தமே போடாம காலை வாரற ஒண்ணு இருக்கு. 3, 7 ரெண்டையும் சேர்த்துத் தேடலாம்னு எம் %இன்% சி(3, 7) போட்டீங்கன்னா டிம் சீட்டு கிழிஞ்சு போயிடும், வெறும் வெக்டர்தான் மிஞ்சும், அப்புறம் அர்.இண்ட் = ட்ரூ போட்டாலும் எர்ரர் வராது, பழையபடி மொட்டை நம்பர்தான் வரும். (எம் == 3) | (எம் == 7)னு எழுதினா சீட்டு பத்திரமா இருக்கும்.

என் கதை ஒண்ணு. 40 காலம் உள்ள ஒரு டேட்டால எந்தெந்த ஜோடி ஒண்ணுக்கொண்ணு ரொம்ப ஒட்டிப் போகுதுனு கோரிலேஷன் மேட்ரிக்ஸ்ல 0.9க்கு மேல இருக்கறதைத் தேடினேன். மூலைவிட்டம் முழுக்க 1 இல்லையா, அது 40 வந்துச்சு, மிச்சம் ஒவ்வொரு ஜோடியும் ரெண்டு ரெண்டு தடவை. அதையாவது சமாளிச்சேன், ஆனா ரிசல்ட்ல இடது பக்கம் பேர் வருதே அது ரோவோட பேர் மட்டும்தான், காலத்துக்கு வெறும் நம்பர்தான் இருக்கும், நான் ஸ்கிரீன்ல விரலை வச்சு எண்ணிப் பார்த்து ஒண்ணு தள்ளிப் பிடிச்சுட்டேன், தப்பான வேரியபிளைத் தூக்கிட்டு ரெண்டு நாள் மாடலோட மல்லுக்கட்டினேன். இப்பல்லாம் விச்(ஏபிஎஸ்(சிஎம்) > 0.9 & அப்பர்.ட்ரை(சிஎம்), அர்.இண்ட் = ட்ரூ), அதாவது சிஎம்ங்கற கோரிலேஷன் மேட்ரிக்ஸ்ல மூலைவிட்டத்துக்கு மேல் பாதில மட்டும் தேடி ஐடிஎக்ஸ்ல வச்சுக்கறது, அப்புறம் கால்நேம்ஸ்(சிஎம்)[ஐடிஎக்ஸ்[, 2]]னு பேரையே எடுத்துடறது. விரலுக்கு வேலை இல்லை.

தசம எண்ணைத் தேடறவங்களுக்கு மட்டும் இன்னொண்ணு. சீக்(0, 1, பை = 0.1)ல நாலாவதா 0.3னு கண்ணுக்குத் தெரியும், ஆனா அதை == 0.3னு கேட்டா ஃபால்ஸ்னு வரும், ஏன்னா உள்ள இருக்கறது 0.3ஐ விட ஒரு நூல் கூட. ஏபிஎஸ்(எம் - 0.3) < 0.00000001னு தேடுங்க, கிடைக்கும்.