பாபநாசத்தில் ஏன் நூற்பாலை? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் குடும்பத்துடன் பாபநாசம் சென்றிருந்தேன். தாமிரபரணியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது விக்கிரமசிங்கபுரத்தின் பழைய நூற்பாலையைப் பார்த்தேன். நான் கரிசல்காட்டில் பிறந்தவன். பருத்தி விளைவது எங்கள் பக்கம். ஆலையோ நெல்லும் வாழையும் விளையும் மலையடிவாரத்தில் இருக்கிறது. கச்சாப்பொருளின் அருகாமையும் காற்றின் ஈரப்பதமுமே ஆலைக்கு இடம் தேரும் காரணங்கள் என்று பள்ளியில் படித்தோம். அது உண்மையானால் எங்கள் மண்ணை ஏன் ஒதுக்கினார்கள்?

ஒரு வாசகர், எட்டயபுரம்

அன்புள்ள வாசகருக்கு,

பள்ளிப் பாடம் பொய்யன்று. ஆனால் எல்லாக் காரணங்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியதால், எந்தக் காலத்தில் எது முந்தியது என்பதை அது மறைத்துவிட்டது. தொடக்ககால ஆலை முதலாளிகள் முதலில் தேடியது பஞ்சை அல்ல, நூல் நூற்கும் கதிர்களைச் சுழற்றும் விசையை. பஞ்சுப்பொதியை வண்டியில் ஏற்றி மலையடிவாரம் சேர்த்துவிடலாம்; அருவியை எட்டயபுரத்துக்குக் கொண்டுவர வழியில்லை.

இதன் மிகத் தெளிவான சான்று இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் இருக்கும் குரோம்ஃபோர்டு என்ற சிற்றூர். 1769-இல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட், முதலில் நாட்டிங்காம் நகரில் குதிரைகளைக் கொண்டுதான் அதை ஓட்டினார். காலுறை பின்னுவோர் நிறைந்த ஊர் என்பதால் நூலுக்கு அங்கே வாசலிலேயே சந்தை இருந்தது. இருந்தும் 1771-இல் அவர் அந்த நகரத்தை விட்டு, நல்ல சாலைகூட இல்லாத பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே பருத்தி ஒரு செடிகூட விளையாது. அது கடல் கடந்து வந்து, பிறகு தரைவழியே மலையேற வேண்டும்.

அவரை இழுத்தது தண்ணீர்தான், ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. டெர்வென்ட் என்ற பெரிய ஆறு பக்கத்திலேயே ஓடியபோதும் அவர் அதை முதலில் தொடவில்லை. ஊருக்குள் வரும் ஒரு சிற்றோடையையும், மலைக்குள் இருந்த ஈயச் சுரங்கங்களில் ஊறும் நீரை வடிக்க வெட்டப்பட்டிருந்த ஒரு வடிகாலையும் பயன்படுத்திக்கொண்டார். நிலத்தின் ஆழத்திலிருந்து வந்த அந்த வடிகால் நீர் சற்று வெதுவெதுப்பாக இருந்தது. மற்ற ஓடைகள் உறைந்துபோகும் குளிர்காலத்திலும் அது உறையாமல் ஓடியது. இரவும் பகலும் பன்னிரண்டு மணி நேர முறைகளில் ஆலையை நடத்த எண்ணிய ஒருவருக்கு, வெள்ளத்தையும் வறட்சியையும் காட்டும் பேராற்றைவிட ஆண்டு முழுதும் ஒரே சீராக வரும் சிறு நீரே மேலானது. டெர்வென்ட் ஆற்றையே நம்பி அவர் ஆலை கட்டியது 1783-இல்தான். பிற்காலத்தில் இன்னும் ஆழத்தில் வெட்டப்பட்ட வேறொரு வடிகால் அந்தச் சுரங்க நீரை இழுத்துக்கொண்டபோது, குரோம்ஃபோர்டு ஆலையின் நூற்பும் தளர்ந்துபோனது.

இன்னொரு காரணத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஈயச் சுரங்கத்தில் ஆண்களுக்கு வேலை இருந்தது. அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். அவர்களும் போதாமல், பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பங்களை வெளியூர்களிலிருந்து வரவழைத்து, 1776-இல் ஆர்க்ரைட் ஒரு தெருவையே கட்டிக் குடிவைத்தார். மூன்றடுக்கு வீடுகள் அவை. மேல்தளத்தில் தறிக்கு வெளிச்சம் வர நீண்ட சன்னல்கள் இருந்தன. தந்தை மேலே நெய்ய, சிறு பிள்ளைகள் ஆலையில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். ஆலை இடத்தேர்வைப் பற்றிய எந்த விளக்கமும் அந்தப் பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் குறையுடையது என்றே நான் கருதுகிறேன்.

இப்போது பாபநாசத்துக்கு வருவோம். ஆண்ட்ரூ, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880-களில் அங்கே ஆலை தொடங்கியபோது இங்கிலாந்தில் நீராவி இயந்திரங்கள் எங்கும் பரவிவிட்டன. ஆனால் நிலக்கரி இல்லாத நம் தென்பகுதியில் அந்த இயந்திரத்துக்குத் தீனி போடுவது பெருஞ்செலவு. எனவே தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் இடம் அவர்களுக்கு இன்னொரு குரோம்ஃபோர்டாகத் தெரிந்தது. அதே நிறுவனம் 1888-இல் தூத்துக்குடியில் தொடங்கிய ஆலைக்கு அருவி தேவைப்படவில்லை. நிலக்கரி கப்பலிலேயே வந்து இறங்கும் துறைமுகம் அது. 1892-இல் மதுரைக்குப் போனபோது அருவியும் இல்லை, கடலும் இல்லை. ரயிலும், நூல் வாங்கும் நெசவாளர்களும், வேலைக்கு ஆட்களும் இருந்தார்கள். ஈரப்பதம் நூல் அறாமல் காக்கும் என்பது மெய்யே. ஆனால் இந்த மூன்று ஊர்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், விசை வந்துசேரும் வழி மாற மாற ஆலையும் இடம் மாறியது தெரியும்.

உங்கள் மண்ணை யாரும் ஒதுக்கிவிடவில்லை. செடியிலிருந்து பறித்த பருத்தியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொட்டை. அதைச் சுமந்து தொலைவு போவது வீண் என்பதால் கொட்டையைப் பிரித்தெடுக்கும் அரவை ஆலைகள் சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டி என்று கரிசலை ஒட்டியே எழுந்தன. கொட்டை நீங்கி, பொதியாக அழுத்திக் கட்டிய பஞ்சு மட்டும் ஊரை விட்டுப் போயிற்று. கொட்டை மாட்டுத் தொட்டிக்கும், ஆட்டிப் பால் எடுத்துக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்ச உங்கள் வீட்டு அடுப்படிக்கும் வந்துசேர்ந்தது.

அன்புடன்.