வாசெக்டமி பண்ணிக்கிட்டா புராஸ்டேட் கேன்சர் வருமா?

கேள்வி கேட்டவர் ரெண்டு குழந்தை போதும்னு தானே வாசெக்டமி, அதாவது ஆம்பளைங்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், பண்ணிக்க ரெடியா இருக்காரு, அதுக்குள்ள யாரோ பின்னாடி புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கிற, விந்து திரவத்துல ஒரு பங்க சுரக்கிற சுரப்பி) கேன்சர் வரும்னு கிளப்பி விட்டுட்டாங்க. நான் டாக்டர் இல்ல, பண்ணிக்கிட்டு 8 வருஷம் ஆச்சு, இதே பயத்துல ராத்திரி முழுக்க முழிச்சுப் படிச்சவன், அவ்ளோதான்.

பயம் சும்மா கிளம்பல. 1993ல அமெரிக்காவுல வந்த ரெண்டு ஆய்வுல, பண்ணிக்கிட்டவங்களுக்கு ரிஸ்க் ஒன்றரை மடங்குக்கு மேலன்னு வந்துச்சு. 2002ல நியூசிலாந்துல பாத்தா ஒண்ணுமே இல்ல. 2017ல 53 ஆய்வ ஒண்ணா போட்டு அலசினாங்க, அதுல உருப்படியா பண்ணின ஆய்வுகள மட்டும் எடுத்தா வித்தியாசம் சுமார் 5%. இங்கதான் பலரும் குழம்பிடறாங்க, 5%ன்னா 100 பேர்ல 5 பேருக்கு எக்ஸ்ட்ராவா வரும்னு இல்லீங்க, ஏற்கனவே இருக்கிற ரிஸ்க்ல 5%, வாழ்நாள் முழுக்க கணக்கு பாத்தாலும் 100 பேருக்கு ஒருத்தர் கூட கூடல, 0.6 தான். டென்மார்க்ல 21 லட்சம் ஆம்பளைங்கள வச்சு பண்ணின ஆய்வுல 15% வந்துச்சு, அதனால பூஜ்யம்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த கூடுதல் எங்கிருந்து வருதுன்னு எங்க வீட்டையே வச்சு சொல்றேன். ஆபரேஷனால எனக்கு ஒரு யூராலஜிஸ்ட் பழக்கமாயிட்டாரு, 50 தாண்டினதும் அவரே பிஎஸ்ஏ டெஸ்ட் (புராஸ்டேட் கேன்சர் இருக்கலாமான்னு பாக்கற ரத்தப் பரிசோதனை) எழுதிக் கொடுத்தாரு. எங்க அண்ணனுக்கு 58, ஆபரேஷனும் பண்ணல, காய்ச்சல்னா கூட டாக்டர் வாசப்படிய மிதிக்க மாட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சின்னக் கட்டி உள்ள இருந்தா கூட கேன்சர் ரெஜிஸ்டர்ல ஏறப்போறது என் பேரு மட்டும்தான். ஆய்வுகள்ல வர்ற வித்தியாசத்துல ஒரு பங்காவது இப்படி வந்ததா இருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

உடம்புக்குள்ள நடக்கறதும் பெருசா ஒண்ணுமில்ல. விந்தணு வர்ற குழாய மட்டும்தான் வெட்டிக் கட்டறாங்க, புராஸ்டேட்ட தொடறதே இல்ல, அது பாட்டுக்கு தன்னோட திரவத்த சுரந்துக்கிட்டே இருக்கும், ஆண் ஹார்மோன் ரத்தம் வழியா போறதால அதுவும் குறையாது. வெளியே வர்ற விந்தோட அளவு கூட குறைஞ்ச மாதிரி தெரியாது (நான் ரொம்ப பயந்தது இதுக்குத்தான், சிரிக்காதீங்க).

அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த கேன்சர் இருந்தா ரிஸ்க் ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அப்படி இருந்தா ஆபரேஷன் பண்ணினாலும் பண்ணாட்டியும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

இன்னொண்ணு, ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க, குழாய்ல விந்தணு மிச்சம் இருக்கும். மூணு மாசம் கழிச்சு சாம்பிள் டப்பா ஆறிடக்கூடாதுன்னு சட்டைக்குள்ள வச்சு லேபுக்கு ஓடினேன், ரிப்போர்ட்ல விந்தணு இல்லன்னு வர்ற வரைக்கும் காண்டம்தான்.