நிறத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் சுவரைப் பாருங்கள்

தம்பி, வெளிநாடு வந்த சில ஆண்டுகளிலேயே சொந்த வீடு வாங்கிவிட்டீர்கள் என்பதில் மகிழ்ச்சி. குளியல் தொட்டியின் எனாமல் பெயர்ந்துவிட்டது, அதன்மேல் புதுப்பூச்சு அடிப்பதா, அக்ரிலிக் பிளாஸ்டிக் உறை போடுவதா, தொட்டியையே எடுத்துவிட்டு ஷவர் வைப்பதா, டைல்ஸ் என்ன நிறம், கண்ணாடிக் கதவா திரையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறமும் கதவும் உங்கள் விருப்பம். தொட்டியை ஒட்டிய சுவரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அதைப் பற்றித்தான்.

நம் ஊர்ச் செங்கல் சுவரில் ஓதம் ஏறினால் சுண்ணாம்பு உதிரும், அவ்வளவுதான். இங்கே சுவருக்குள் இருப்பது மரச்சட்டம். அதன்மேல் காகிதம் போர்த்திய ஜிப்சம் மாவுப் பலகை. டைல்ஸ் ஒட்டிவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது என்று பலர் நம்புகிறார்கள். டைல்ஸ் இடுக்கில் பூசும் சாந்து தண்ணீரை உறிஞ்சும். நீரைத் தடுப்பது டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் வாட்டர்புரூஃபிங் படலம். அது இல்லாவிட்டால் பலகை ஊறும், பூஞ்சை பிடிக்கும், கடைசியில் மரம் உளுத்துப்போகும். இன்றைக்கே போய், குழாய்க்குக் கீழே உள்ள டைல்ஸை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சிறிது அசைந்தாலும் பூச்சு, உறை என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். சுவரைத் திறந்துதான் ஆக வேண்டும். பழைய வீடு என்பதால் சுவர்ப்பூச்சிலும் தரையிலும் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கலாம். உடைப்பதற்கு முன் ஒரு துண்டை முறையாக எடுக்கச்சொல்லிச் சோதனைக்கு அனுப்புங்கள்.

சுவர் உறுதியாக இருந்தால் பூச்சு போதும், ஆனால் அதை நீங்களே செய்ய முனையாதீர்கள். பழைய பூச்சைக் கரைக்கப் பயன்பட்ட மெத்திலீன் குளோரைடு ஆவியால் அமெரிக்காவில் 2000க்கும் 2011க்கும் இடையில் தொட்டிக்குப் பூச்சு அடிக்கும் தொழிலாளர்கள் 13 பேர் இறந்ததாக அரசு அறிக்கையே வெளிவந்தது. காற்றோட்டம் இல்லாத சிறிய அறை, தொட்டிக்குள் குனிந்து வேலை, காற்றைவிடக் கனமான ஆவி. செலவை மிச்சப்படுத்த விளையாடும் இடமல்ல அது. அக்ரிலிக் உறையை நான் சொல்ல மாட்டேன். விளிம்பை அடைக்கும் சிலிக்கோன் பசை விட்டுப்போனால் உறைக்கும் தொட்டிக்கும் நடுவே தண்ணீர் தேங்கி நாறும்.

ஷவர்தான் என்று முடிவு செய்தால், வடிகால் குழாயை முதலில் விசாரியுங்கள். தொட்டிக்கு ஒன்றரை அங்குலக் குழாய் போதும். ஷவருக்குப் பல இடங்களில் விதி 2 அங்குலம் கேட்கிறது. தரை வாட்டம் அடிக்குக் கால் அங்குலம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டம் இறங்கக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளாதவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

இதில் நம்மவர்கள்மேல் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. "நம்ம ஆள் ஒருவர் இருக்கிறார், அனுமதி எல்லாம் தேவையில்லை, ரொக்கமாகக் கொடுத்தால் பாதிச் செலவில் முடிந்துவிடும்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். விருந்துக்குப் போனால் பளிங்கைக் காட்டுவார்கள். பின்னால் என்ன பலகை என்று கேட்டால் பதில் வராது. மொழி பேசுகிறார் என்பதற்காக ஒருவரிடம் வீட்டைக் கொடுப்பது நியாயமில்லை. உரிமம், காப்பீடு, வேலை நடக்க நடக்கத் தவணையாகப் பணம், எல்லாமே எழுத்தில் இருக்கட்டும். நம் ஆளாக இருந்தாலும் இதுதான் முறை.

நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவதற்குக் காரணம், நாங்கள் வந்திறங்கிய காலத்தில் குடியிருந்த வாடகை வீடு. மாடியில் நாங்கள், கீழே ஒரு வயதான அம்மையார். எங்கள் குளியலறையிலிருந்து அவர் வீட்டுக் கூரையில் நீர் இறங்கியது. "நீங்கள் தரையெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிக்கிறீர்கள்" என்று வீட்டுக்காரர் எங்கள்மேல் பழி போட்டு, முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார். திரையைத் தொட்டிக்குள் விட்டு, ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல் குளித்த பிள்ளைகள் என் பிள்ளைகள். பிறகு சுவரை உடைத்தபோது ஜிப்சம் பலகை கையோடு மாவாக வந்தது. பணம் திரும்பவில்லை. அன்றிலிருந்து கட்டட விதிகளை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன், ரசமட்டம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சொந்த வீட்டில் குளியலறையைப் பிரித்தபோது ஒப்பந்தக்காரர் கட்டிய தண்ணீரின் மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆவியாகியிருக்கும் என்றார். நான் விடவில்லை. வடிகால் இணைப்பைப் பிரித்து மறுபடி செய்துவிட்டுத்தான் டைல்ஸ் ஒட்டினார்.

அப்போதே, சுவர் திறந்திருக்கும்போது, கைப்பிடி பொருத்துவதற்கு உள்ளே ஒரு மரத்துண்டு அடிக்கச் சொன்னேன். அம்மா வந்து தங்கிய நாட்களில் அதைப் பிடித்துக்கொண்டுதான் குளித்தார். உங்கள் பெற்றோரும் வருவார்கள், நீங்களும் அடித்துவையுங்கள்.

கைக்குழந்தை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பது இந்த ஒரே தொட்டி என்றால் எடுக்காதீர்கள். குழாய் மாற்றும்போது தண்ணீரின் சூடு திடீரென்று ஏறாமல் காக்கும் வால்வு வையுங்கள். 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். டைல்ஸை அழுத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.